சமையற்காரி மேரி

1907-ம் ஆண்டு மார்ச் மாதம். நியூயார்க் நகரத்தின் பார்க் அவென்யூ, பணக்காரர்கள் வசிக்கும் வீதி. அங்கே ஒரு வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வண்டி வந்து நின்றது. கூடவே போலீசார் வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தவர் ஒரு பெண் டாக்டர்.

அவர்கள் பிடிக்க வந்தது திருடனை அல்ல, கொலைகாரனையும் அல்ல. அந்த வீட்டுச் சமையற்காரியை!

சமையற்காரியே வந்து கதவைத் திறந்தாள். அவள் கையில் நீளமான முள்கரண்டி இருந்தது. அதை நீட்டிக்கொண்டு டாக்டர் மீது பாய்ந்தாள். டாக்டர் பின்வாங்கியபோது பின்னால் நின்ற போலீஸ்காரர் மீது மோதிக்கொண்டார். அவர்கள் சமாளித்து நிமிர்வதற்குள் ஆளைக் காணோம்.

வீடு முழுவதும் தேடினார்கள். மற்ற வேலைக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. கொல்லைப்புறத்தில் பனி விழுந்து கிடந்தது. அதில் காலடித் தடம் தெரிந்தது. தடம் போய் முடிந்த இடத்தில் வேலியை ஒட்டி ஒரு நாற்காலி. வேலி ஏறி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கேயும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். மணிக்கணக்கில் தேடியும் பயன் இல்லை. இனித் திரும்ப வேண்டியதுதான் என்ற நேரத்தில், ஒரு சிறு அறையின் கதவு இடுக்கில் நீலத் துணி நுனி ஒன்று தெரிந்தது. கதவுக்கு முன்னால் சாம்பல் தொட்டிகள் அடுக்கி இருந்தன. அவள் உள்ளே நுழைந்த பிறகு, கூட வேலை செய்யும் ஏழை ஜனங்கள்தான் அவற்றை அடுக்கி மறைத்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் அவள் திமிறினாள், உதைத்தாள், கத்தினாள். போலீசார் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் போட்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரையில் அந்தப் பெண் டாக்டர் அவள் மீதே உட்கார்ந்திருந்தார்.

அவள் செய்த குற்றம் என்ன? சமைத்தாள். அவ்வளவுதான்.

அவள் பெயர் மேரி மல்லன். உலகம் அவளை "டைபாய்டு மேரி" என்று அழைக்கிறது.

அயர்லாந்துப் பெண்

அயர்லாந்தில் டைரோன் மாவட்டத்தில் குக்ஸ்டவுன் என்று ஓர் ஊர். அங்கே 1869-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி மேரி பிறந்தாள். ஏழைக் குடும்பம். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் இருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மேரியும் பதினைந்து வயதளவில் போனாள்.

அப்படி வந்து சேர்ந்த பெண்களுக்குக் கிடைத்த வேலை வீட்டு வேலைதான். வேலைக்காரிகளிலும் பல படிகள் உண்டு. துணி துவைப்பவள் கீழ்ப் படி. சமையற்காரி மேல் படி. அவளுக்குச் சம்பளம் அதிகம், மதிப்பும் அதிகம். மேரி கெட்டிக்காரி. சமையலைக் கற்றுக்கொண்டு மேல் படிக்கு வந்துவிட்டாள். பெரிய பெரிய பணக்காரர்கள் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நல்ல உயரம், திடமான உடம்பு, நீலக் கண்கள். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவள் அல்ல.

ஆனால், அவள் போன வீடுகளில் மற்றவர்கள் படுத்தார்கள்.

1900-ம் ஆண்டு மாமரோனெக் என்ற ஊரில் ஒரு வீட்டில் சமைத்தாள். அவள் சேர்ந்த சில நாட்களில் அங்கே டைபாய்டு வந்தது. அடுத்த வீட்டிலும் வந்தது. 1902-ம் ஆண்டு கோடைக்காலத்தில் டார்க் ஹார்பர் என்ற கடற்கரை ஊருக்கு ஒரு வக்கீல் குடும்பத்தோடு போனாள். அந்த வீட்டில் 9 பேர். அவர்களில் 7 பேர் டைபாய்டில் விழுந்தார்கள். மேரி ஓடிப்போகவில்லை. வீட்டுக்கார வக்கீலோடு சேர்ந்து, கூட இருந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தாள். நன்றி மிகுந்த அந்த வக்கீல் அவளுக்குச் சம்பளத்துக்கு மேல் 50 டாலர் இனாம் கொடுத்தார்.

காய்ச்சலைக் கொண்டு வந்தவளுக்கே அந்த இனாம் போயிற்று. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவளுக்கும் தெரியாது.

ஆயிஸ்டர் பே

நியூயார்க்குக்குப் பக்கத்தில் உள்ள லாங் தீவில் ஆயிஸ்டர் பே என்ற ஊர் இருக்கிறது. அப்போது ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் சொந்த வீடு அந்த ஊரில்தான். பணக்காரர்கள் கோடைக்காலத்தைக் கழிக்கும் சுத்தமான ஊர். 1906-ம் ஆண்டு வாரன் என்ற பாங்கி முதலாளி அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஆகஸ்டு 4-ந் தேதி புதுச் சமையற்காரி வேலைக்குச் சேர்ந்தாள். அவள் மேரி.

ஆகஸ்டு 27-ந் தேதி வாரனின் மகள் ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு வேலைக்காரிகள் இருவர், வாரனின் மனைவி, இன்னொரு மகள், தோட்டக்காரர் என்று வரிசையாகப் படுத்தார்கள். ஒரே வாரத்தில், வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேர்!

டைபாய்டு சாக்கடையும் சேறும் உள்ள ஏழைகளின் சேரியில் வரும் நோய் என்று அந்த ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டின் சொந்தக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் வந்த வீடு என்று பெயர் வாங்கிவிட்டால் அடுத்த கோடைக்கு யார் குடி வருவார்கள்? அவர் ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதார என்ஜினீயரை வரவழைத்தார். காய்ச்சல் பரவிய ஊர்களுக்குப் போய்க் காரணம் கண்டுபிடிப்பது சோப்பரின் தொழில்.

கிணற்றுத் தண்ணீர், பால், கழிவுத் தொட்டி என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து தள்ளினார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தன. கடற்கரையில் விற்ற சிப்பி மீது சோப்பருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அந்தச் சிப்பியை ஊரில் பல வீடுகளில் தின்றார்கள். அங்கே யாருக்கும் நோய் இல்லை. எனவே வெளியில் தேடுவதை விட்டுவிட்டு, வீட்டுக்குள் ஆகஸ்டு மாதத்தில் என்ன மாறியது என்று விசாரித்தார். சமையற்காரி மாறியிருந்தாள். காய்ச்சல் வந்து சுமார் மூன்று வாரம் கழித்து அவள் போயும் விட்டாள்.

சோப்பர், வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் இருந்து தொடங்கி, அவள் முன்பு வேலை பார்த்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். 8 வீடுகளின் விவரம் கிடைத்தது. அவற்றில் 7 வீடுகளில் டைபாய்டு. மொத்தம் 22 நோயாளிகள்!

ஐஸ்கிரீம்

இங்கே ஒரு கேள்வி வரும். சோப்பருக்கும் வந்தது. சமையற்காரி செய்வதெல்லாம் கொதிப்பதும் வறுபடுவதும் அல்லவா? அடுப்புச் சூட்டில் கிருமி செத்துவிடாதா?

செத்துவிடும். டைபாய்டுக் கிருமி அவ்வளவு வலு உள்ளது அல்ல. நன்றாகக் கொதித்த சூப்பிலோ, உள்வரை வெந்த இறைச்சியிலோ அது உயிரோடு இருக்காது. மேரியின் கையில் ஆயிரம் கிருமி இருந்தாலும், அவள் அடுப்பில் ஏற்றிய பண்டம் யாருக்கும் தீங்கு செய்திருக்காது.

அடுப்பில் ஏறாத பண்டம் எது என்று சோப்பர் விசாரித்தார். விடை கிடைத்தது. மேரி ஓர் ஐஸ்கிரீம் செய்வாள். அது எல்லோருக்கும் பிடிக்கும். பச்சையாக நறுக்கிய பீச் பழத்தை அதில் கலந்து உறையவைப்பாள்.

பழத்தைத் தோல் சீவுவது கை. கொட்டை நீக்குவது கை. துண்டு போடுவதும் கை. பழச்சாறு விரல் இடுக்கெல்லாம் ஓடிப் பாத்திரத்தில் விழும். நகக் கண்ணில் இருந்தது அதனோடு போகும். பிறகு பால் ஏடு, சர்க்கரை, பனிக்கட்டி. குளிர் கிருமியைக் கொல்லாது; தூங்கத்தான் வைக்கும். வயிற்றுக்குள் போனதும் அது விழித்துக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். அதற்குள் ஐஸ்கிரீம் சாப்பிட்டதே மறந்துபோயிருக்கும்.

நம் வீட்டு அடுப்பங்கரையிலும் கதை இதுதான். கொதிக்கும் குழம்பைப் பற்றிக் கவலை இல்லை. வெங்காயப் பச்சடி, நறுக்கி வைத்த மாம்பழம், வெந்த பிறகு கையால் பிசையும் பண்டங்கள்: இவையே கை பட்டபடி இலைக்கு வருகின்றன. பண்டத்தை வேகவைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் கையில் காட்டுவது இல்லை.

கையில் கிருமி எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். டைபாய்டுக் கிருமிக்கு மனித உடம்பைத் தவிர வேறு வீடு கிடையாது. மலத்தோடு வெளியேறும். வெளிக்குப் போய்விட்டு வந்தவர் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டால் போகாது. சோப்புப் போட்டு, விரல் இடுக்கும் நகக் கண்ணும் படும்படி தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். குறைந்தது 20 வினாடி தேய்க்கவேண்டும் என்பது இன்றைய டாக்டர்கள் சொல்லும் கணக்கு. 20 வினாடி என்பது நினைப்பதைவிட நீளமானது; எண்ணிக்கொண்டே கழுவிப் பார்த்தால் தெரியும்.

சமையலறையில் சந்திப்பு

சோப்பர் மேரியைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவள் பார்க் அவென்யூ வீட்டில் இருந்தாள். அங்கேயும் ஒரு சலவைக்காரிக்குக் காய்ச்சல். வீட்டுக்காரர்களின் மகள் சாகக் கிடந்தாள். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

சோப்பர் நேராகச் சமையலறைக்குப் போனார். தன்னால் முடிந்த அளவு நயமாகப் பேசியதாகவே அவர் பிறகு எழுதினார். ஆனால் விஷயம் நயமானது அல்லவே! முன்பின் தெரியாத ஆண்பிள்ளை ஒருவன் வந்து, நீ மற்றவர்களுக்கு நோய் கொடுக்கிறாய், உன் மலமும் மூத்திரமும் ரத்தமும் எனக்கு வேண்டும் என்று கேட்டால், எந்தப் பெண்ணுக்குத்தான் கோபம் வராது? மேரி இறைச்சி வெட்டும்போது பிடிக்கும் முள்கரண்டியை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். சோப்பர் ஓடிப்போய்த் தெருவில் நின்றார்.

பிறகு ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு, அவள் வந்துபோகும் வீட்டு மாடிப்படியில் காத்திருந்து மறுபடியும் பேசினார். இந்தத் தடவையும் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். தனக்கு வாழ்நாளில் டைபாய்டு வந்ததே இல்லை என்று மேரி அடித்துச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. எப்போதோ இலேசாக வந்து, அவளுக்கே தெரியாமல் போயிருக்கவேண்டும்.

அதன்பின் நகரச் சுகாதார இலாகா, டாக்டர் ஜோசபின் பேக்கரை அனுப்பியது. முதலில் சொன்ன பெண் டாக்டர் அவர்தான். அவருடைய தந்தை டைபாய்டில் இறந்தவர். அந்தக் காய்ச்சலின் கொடுமை அவருக்குத் தெரியும். பிற்காலத்தில் குழந்தைகளின் சுகாதாரத்துக்காகப் பாடுபட்டுப் பெரும் புகழ் பெற்றார்.

ஆஸ்பத்திரியில் மேரியின் மலத்தைச் சோதித்தார்கள். டைபாய்டுக் கிருமி ஏராளமாக இருந்தது.

நோய் இல்லாமலே நோய்க் கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு என்று ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் சில ஆண்டுகளுக்கு முன்புதான் எடுத்துச் சொல்லியிருந்தார். டைபாய்டு கண்டு குணமானவர்களில் 100-க்குச் சிலருடைய பித்தப்பையில் கிருமி தங்கிவிடுகிறது. அங்கே அது ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். அந்த ஆளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அமெரிக்காவில் அப்படித் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் ஆள் மேரி.

ஆஸ்பத்திரியில் சோப்பர் அவளைப் பார்க்க வந்தார். ஒத்துழைத்தால் அவளுடைய கதையைப் புத்தகமாக எழுதி, வரும் லாபத்தை அவளுக்கே தருவதாகச் சொன்னார். மேரி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்க் குளியல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீவு

நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் நார்த் பிரதர் என்று ஒரு சிறு தீவு. தொற்றுநோய்க்காரர்களை வைக்கும் ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. 1904-ம் ஆண்டு ஜெனரல் ஸ்லோகம் என்ற உல்லாசக் கப்பல் தீப்பிடித்து 1,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்களே, அந்தக் கப்பல் எரிந்தபடி வந்து ஒதுங்கிய தீவும் இதுதான். மேரியை அங்கே ஒரு சிறு வீட்டில் வைத்தார்கள்.

வழக்கு இல்லை. தண்டனைக் காலமும் சொல்லவில்லை. வாரா வாரம் மலப் பரிசோதனை மட்டும் நடந்தது. இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் 163 தடவை சோதித்தார்கள். 120 தடவை கிருமி இருந்தது. மற்ற தடவை இல்லை. மேரியும் சும்மா இருக்கவில்லை. தன் நண்பர் மூலம் தனியார் சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பார்த்தாள். அங்கே கிருமி இல்லை என்று பதில் வந்தது. அதைத்தான் அவள் நம்பினாள். நமக்கு வேண்டிய பதிலைத்தான் நாமும் நம்புகிறோம்.

பித்தப்பையை அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். அந்தக் காலத்து ஆபரேஷனில் உயிர் போனாலும் போகும். தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நினைத்து மேரி மறுத்துவிட்டாள். மருந்து மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

1909-ம் ஆண்டு ஒரு நியூயார்க் பத்திரிகை அவள் கதையைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. அதில் ஒரு படம். சமையற்காரி ஒருத்தி வாணலியில் முட்டைக்குப் பதிலாகச் சிறு சிறு மண்டை ஓடுகளைப் போடுகிறாள்! பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. அந்தப் படம் அச்சேறிய பிறகு அவளை மேரி மல்லன் என்று அழைக்க ஆளே இல்லாமல் போய்விட்டது.

அதே ஆண்டு அவள் விடுதலை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். எந்தக் குற்றமும் செய்யாதவளை எந்தச் சட்டப்படி அடைத்து வைக்கலாம் என்பது அவள் வக்கீலின் வாதம். நல்ல கேள்விதான். ஆனாலும் சுகாதார இலாகா பக்கமே தீர்ப்பு ஆயிற்று. மேரி தீவுக்குத் திரும்பினாள்.

1910-ம் ஆண்டு பிப்ரவரியில் லெடர்லி என்ற புதிய சுகாதாரக் கமிஷனர் அவளை வெளியே விட்டார். இனிச் சமையல் வேலைக்குப் போவது இல்லை, கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மேரி படகு ஏறினாள்.

மறுபடியும் அடுப்பங்கரை

அவளுக்குச் சலவை வேலை தேடிக் கொடுத்தார்கள். ஏறி வந்த படிகளில் எல்லாம் இறங்கி, நாற்பது வயதில் மறுபடியும் கீழ்ப் படி. சம்பளம் குறைவு. கடினமான வேலை. வீடு இல்லை, கணவன் இல்லை, பிள்ளை இல்லை. கையில் இருந்த ஒரே சொத்து சமையல். அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சில காலம் சலவை செய்தாள். பிறகு சுகாதார இலாகாவின் கண்ணில் இருந்து மறைந்துவிட்டாள். வேறு பெயர்களில் உணவு விடுதிகளிலும் ஓட்டல்களிலும் சமைத்தாள்.

1915-ம் ஆண்டு நியூயார்க்கில் ஸ்லோன் பிரசவ ஆஸ்பத்திரியில் திடீரென்று டைபாய்டு பரவியது. 25 பேர் படுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள். 2 பேர் இறந்தார்கள். அங்கே மிஸஸ் பிரவுன் என்று ஒரு சமையற்காரி இருந்தாள். கூட வேலை செய்பவர்கள் அவளை விளையாட்டாக "டைபாய்டு மேரி" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள்! ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சோப்பரை அழைத்து, சமையற்காரி எழுதிய கடிதத்தைக் காட்டினார். பார்த்ததும் சோப்பருக்குக் கையெழுத்து தெரிந்துவிட்டது.

முதல் தடவை அவள் மீது இரக்கப்பட்டவர்கள்கூட இந்தத் தடவை இரக்கப்படவில்லை. நானும் அந்த இடத்தில் தடுமாறுகிறேன். 1907-ல் பிடிபட்டவள் ஒன்றும் அறியாதவள். 1915-ல் பிடிபட்டவளுக்கு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளை பெற்ற பெண்கள் படுத்திருக்கும் இடத்தில் போய்ச் சமைத்திருக்கிறாள். அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

ஆனால் சொல்லப்பட்டது வேறு, புரிந்தது வேறு. தன் உடம்பில் ஒரு வலியும் இல்லாதபோது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் விரல் நகத்தில் இருந்து ஆளைக் கொல்கிறது என்பதை நம்புவது சுலபம் அல்ல. அந்தக் காலத்து டாக்டர்களில் பலருக்கே அது புதுச் செய்தி. கையை ஏன் கழுவவேண்டும் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. தான் சுத்தக்காரி என்றே கடைசிவரை நினைத்தாள். அவளிடம் போனவர்கள் முதலில் போலீசோடு போனார்கள். பிறகு கண்ணாடிக் குப்பியோடு போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குப் புரிகிற பாஷையில், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. சமையலை விட்டால் பிழைக்க, சமையலுக்கு ஈடான ஒரு தொழிலையும் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

மற்றவர்கள்

மேரி ஒருத்திதான் அப்படிக் கிருமி சுமந்தவள் என்று எண்ணவேண்டாம். அவள் காலம் முடிவதற்குள் நியூயார்க்கில் மட்டும் 400-க்கு மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய பெயர்களைப் பதிவு செய்தார்கள், சமைக்கக்கூடாது என்றார்கள், வெளியே விட்டார்கள். டோனி லபெல்லா என்பவர் மூலம் 100 பேருக்கு மேல் நோய் வந்தது. 5 பேர் இறந்தார்கள். மேரியின் கணக்கு 47 நோயாளிகள், 3 சாவு. ஆயினும் லபெல்லாவை ஆயுள் முழுவதும் அடைக்கவில்லை. ரொட்டிக் கடை வைத்திருந்த ஒருவர், பண்டத்தைத் தொடக்கூடாது என்ற உத்தரவை மீறி வேலை செய்து 1924-ம் ஆண்டு பிடிபட்டார். கோர்ட்டு அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. இனிக் கடைப்பக்கம் போகாமல் டெலிபோனிலேயே வியாபாரத்தைக் கவனிப்பதாக அவர் சொன்னார். அதை ஏற்றுக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

அவர் குடும்பஸ்தர், கடை முதலாளி. மேரி அயர்லாந்துக்காரி, தனிக்கட்டை, வேலைக்காரி, வாய்த்துடுக்கு உள்ளவள். அவளை மட்டும் சாகும்வரை தீவில் வைத்தார்கள்.

இன்று இந்த விஷயத்தில் வழி தெளிவாக இருக்கிறது. டைபாய்டுக்குக் குளோரம்பெனிகால் என்ற மருந்து கேட்கிறது என்று 1948-ம் ஆண்டு மலேயாவில் கோலாலம்பூரில் நடந்த சோதனையில் தெரிந்தது. மேரி இறந்து 10 ஆண்டு ஆன பிறகு! பின்னர் அதைவிட நல்ல மருந்துகள் வந்தன. தடுப்பு ஊசியும் உண்டு. கிருமியும் சும்மா இல்லை. சில மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டு இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளில் காணப்படுகிறது. ஆகவே மருந்தை நம்பிக் கை கழுவாமல் இருக்கமுடியாது.

உணவைக் காப்பாற்ற உலகச் சுகாதார நிறுவனம் 2001-ம் ஆண்டு வெளியிட்ட அறிவுரையில் முதலில் வருவது சுத்தம்தான்: கை, பாத்திரம், வெட்டும் பலகை. பச்சை இறைச்சி, மீன் நறுக்கிய கத்தியும் பலகையும் சமைத்த பண்டத்தைத் தொடக்கூடாது. உள்வரை 70 டிகிரி சூடு ஏறும்படி வேகவைக்கவேண்டும். ஆக்கிய சோற்றையும் குழம்பையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெறுமே வெளியில் வைக்கக்கூடாது. தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உள்ளவர்கள் சமையலில் இறங்கக்கூடாது என்பது மட்டும் நம் வீடுகளில் நடப்பது கடினம். அம்மா படுத்துவிட்டால் உலை வைப்பது யார்? அந்த இரண்டு நாளைக்கு வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகள் கரண்டி பிடித்தால் குடி முழுகிவிடாது.

கடைசிக் காலம்

1915-ம் ஆண்டு தீவுக்குப் போன மேரி பிறகு விடுதலை கேட்கவில்லை. கோபம் மெல்ல அடங்கியது. பல ஆண்டு கழித்து அங்கே இருந்த சோதனைச்சாலையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். குப்பிகளைக் கழுவி வைப்பது, பரிசோதனைக்குக் கண்ணாடித் தகடுகள் தயார் செய்வது, குறிப்பு எழுதுவது ஆகியவை அவள் வேலை. அதை ஒழுங்காகச் செய்தாள். பகலில் நகரத்துக்குப் போய்ச் சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வர அனுமதி கிடைத்தது. மாலையில் படகில் திரும்பிவிடுவாள். தனக்கு டைபாய்டு உண்டு என்பதை மட்டும் அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சை அவளிடம் எடுக்கவும் கூடாது.

1932-ம் ஆண்டு டிசம்பரில் பக்கவாதம் கண்டு விழுந்தாள். அதன்பின் எழுந்து நடமாடவில்லை. ஆறு ஆண்டு அதே தீவு ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தாள். 1938-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி, தன் 69-வது வயதில் கண்ணை மூடினாள். இரண்டு தடவையும் சேர்த்து 26 ஆண்டு தீவில் கழித்திருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி 1963-ம் ஆண்டு மூடப்பட்டது. இப்போது தீவில் மனிதர் யாரும் வசிக்கவில்லை. கட்டிடங்கள் இடிந்து, மரம் மூடிக் கிடக்கின்றன. பறவைகள் வந்து தங்குகின்றன.

மேரியை நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள செயிண்ட் ரேமண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் 9 பேர்.